புல் இருக்கப் பட்டினி

பசி என்றால் உணவு இல்லாமை என்றே நாம் விளங்கி வைத்திருக்கிறோம். வயிறு நிறையத் தின்றுகொண்டே பட்டினியால் சாவது எப்படி என்று கேட்டால் எம்மிடம் பதில் இல்லை. ஆனால் நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஸ்கொட்லாந்தின் மலைச்சாரல்களிலும் மாடுகளும் செம்மறிகளும் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் செத்தன. அவை நின்ற தரையில் புல்லுக்குக் குறைவில்லை. மழைக்கும் குறைவில்லை. முதலில் தீனியில் விருப்பம் குறையும். கண்ணில் நீர் வடியும். முரசு வெளுக்கும். கம்பளி வரண்டு முறியும். கன்று வளராது, குட்டி தேறாது. சில மாதங்களில் எலும்பும் தோலுமாகிப் பச்சைப் புல்லின் நடுவே விழுந்துவிடும். வெட்டிப் பார்த்தால் உடலில் கொழுப்பு இராது. அந்தச் சாவுக்குக் காரணம் சொல்லக்கூடிய கிருமியோ புழுவோ நஞ்சோ அகப்படாது.

இந்த நோயின் காரணத்தைத் தேடிய கதை இரும்பில் தொடங்கி வேறோர் இடத்தில் முடிகிறது. நோயைக் குணமாக்கிய ஒரு மருந்தே உண்மையைப் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருந்த கதை அது. அந்தக் காலத்துக்குள் சிலர் நிலத்தை இழந்தார்கள். நிலம் தன் பெயரை இழந்தது. எமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். எம்மில் பலர் வேலை செய்யும் உணவகங்களுக்கு ஆட்டிறைச்சி நியூசிலாந்திலிருந்துதான் வருகிறது. 1882 இல் 'டனீடின்' என்ற பாய்க்கப்பல் உறைந்த இறைச்சியை இலண்டனில் கொண்டுவந்து இறக்கிய நாள் முதல், அந்த நாட்டின் புல் ஐரோப்பாவின் சாப்பாட்டு மேசைக்கு வந்துகொண்டிருக்கிறது. குளிர் அறையிலிருந்து அந்தப் பெட்டிகளைத் தோளில் தூக்கி வந்து உடைத்து வெட்டுகிறவர்கள் நாம். அதன் பின்னால் இருக்கும் மண்ணின் கதையை அறிந்து வைத்திருப்பதில் தவறில்லை.

ஏங்கி மெலியும் ஆடுகள்

விஞ்ஞானிகளுக்கு முன்னரே இடையர்கள் இந்த நோயை அறிந்திருந்தார்கள். இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடைப்பட்ட செவியற் மலைப்பகுதியில் இதற்குப் 'பைனிங்' என்று பெயர். ஏங்கி மெலிதல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். தென்மேற்கே கலோவேப் பகுதியில் 'வின்குவிஷ்' என்றார்கள். எற்றிக் பள்ளத்தாக்கில் ஆடு மேய்த்துப் பின்னர் கவிஞராகவும் நாவலாசிரியராகவும் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஹொக், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆடு எதற்காகவோ ஏங்குகிறது என்ற பொருளிலேதான் அந்தப் பெயர் வந்திருக்கவேண்டும். ஊர் விட்டு வந்த எமக்கு அந்தச் சொல்லை விளங்கிக் கொள்வது கடினமல்ல.

இடையர்களுக்கு நோயின் காரணம் தெரியாது. ஆனால் பரிகாரம் தெரியும். மெலியத் தொடங்கிய மந்தையை வேறு நிலத்துக்கு ஓட்டிச் செல்லவேண்டும். அந்த நிலம் வெகு தொலைவில் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு மேட்டைத் தாண்டினாற் போதும். அங்கே சில வாரங்கள் மேய்ந்தால் ஆடு தேறிவிடும். மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் மீண்டும் மெலியும். எந்த மலை ஆட்டைத் தேற்றும், எந்த மலை ஆட்டைத் தின்னும் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. தென் அவுஸ்திரேலியாவின் றோப் என்ற கரையோர ஊரைச் சுற்றியும் கங்காரு தீவிலும் குடியேறியவர்கள் இதையே தாமாகக் கண்டுபிடித்தார்கள். சுண்ணாம்பு மணலாலான கடற்கரை நிலத்தில் சில மாதங்கள், உள்நாட்டு நிலத்தில் சில மாதங்கள் என்று ஆடுகளை மாற்றி மாற்றி மேய்த்தார்கள். நோய்க்குக் 'கரையோர நோய்' என்று பெயரிட்டார்கள்.

இந்த அறிவில் ஒரு நிபந்தனை உண்டு. ஓட்டிச் செல்ல வேறொரு நிலம் இருக்கவேண்டும். இரண்டு நிலம் உள்ளவனுக்கு இது ஒரு தொல்லை மட்டுமே. ஒரே ஒரு துண்டு நிலத்தை நம்பி வந்தவனுக்கு இது முடிவு.

எரித்த காட்டின் மேல்

நியூசிலாந்தின் வடதீவின் நடுப்பகுதி எரிமலைகளின் நாடு. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் இன்றைய தௌப்போ ஏரி இருக்கும் இடத்தில் வெடித்த எரிமலை, பல ஆயிரம் சதுர மைல்களை நுரைக்கல்லாலும் சாம்பலாலும் மூடியது. 14ஆம் நூற்றாண்டில் தாரவேறா மலையின் வெடிப்பு இன்னொரு படையை அதன்மேல் போட்டது. கையில் எடுத்தால் பாரமே இல்லாத, தண்ணீரில் மிதக்கும் கல் அது. அதன்மேல் காலப்போக்கில் காடும் பற்றையும் வளர்ந்தன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் குடியேறிகள் அந்தக் காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள், சாம்பலில் புல் விதைத்தார்கள். புல் வளர்ந்தது. மாடுகளையும் ஆடுகளையும் விட்டார்கள். அவை மெலிந்து செத்தன. காடு வெட்டிய நிலத்தில் கண்ட நோயாதலால் அதற்குக் 'காட்டு நோய்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கன்றும் குட்டியுமே முதலில் விழுந்தன. வியப்பு என்னவென்றால் அதே வேலிக்குள் அதே புல்லைத் தின்ற குதிரைகளுக்கு ஒன்றும் நேரவில்லை. அவை கொழுத்து நின்றன. இந்தக் குதிரைகளை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். அவை சொன்ன சாட்சியத்தை விளங்கிக்கொள்ள ஏறக்குறைய அரை நூற்றாண்டு எடுத்தது.

இரும்பு

இந்த நோயை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் நியூசிலாந்து விவசாயத் திணைக்களத்தின் தலைமை இரசாயனவியலாளர் பேர்னாட் அஸ்ரன். உழைப்பாளி. தாவரங்களைத் தேடி மலை மலையாக ஏறிய மனிதர். மண்ணையும் புல்லையும் இரத்தத்தையும் சோதித்து அவர் வந்த முடிவு இது: நோயுற்ற விலங்குக்கு இரத்தச்சோகை இருக்கிறது, நோயுற்ற நிலத்தின் புல்லில் இரும்பு குறைவாக இருக்கிறது, ஆகவே இது இரும்புக் குறைபாடு.

இதைவிட நியாயமான முடிவை யாரால் எடுத்திருக்க முடியும்? வெளிறிய முரசைக் கண்டால் இரும்பை நினைப்பது இன்றும் எமது பழக்கம். பிள்ளைத்தாய்ச்சிக்கு முருங்கையிலை வறுத்துக் கொடுத்த அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். இங்கே இரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு மாத்திரை எழுதித் தரும் வைத்தியரும் அப்படித்தான் நினைக்கிறார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கிறது.

அஸ்ரன் சொன்னதைச் செய்து பார்த்தார்கள். இரும்பு அமோனியம் சித்திரேற்றைத் தண்ணீரில் கரைத்து மாடுகளுக்குப் பருக்கினார்கள். மாடுகள் தேறின. அது விலை கூடிய மருந்து. எனவே 1920களில் லிமோனைற் என்ற மஞ்சளும் கபிலமுமான இரும்புத்தாதைத் தோண்டி, அரைத்து, உப்புடன் கலந்து நக்குவதற்கு வைத்தார்கள். மாடுகள் நக்கின, தேறின. செத்துக்கொண்டிருந்த மந்தையைக் காப்பாற்றிய மருந்து அது. மலிவானது. கையால் அள்ளி வைக்கக்கூடியது. விளக்கமும் கையில் இருந்தது, மருந்தும் கையில் இருந்தது. இனி என்ன வேண்டும்?

சில நெருடல்கள் இருந்தன. எல்லா லிமோனைற்றும் ஒரேமாதிரி வேலை செய்யவில்லை. ஓர் இடத்தில் தோண்டியது மாட்டை எழுப்பியது, வேறோர் இடத்தில் தோண்டியது எழுப்பவில்லை. இரண்டிலும் இரும்பு நிறைய இருந்தது. இரண்டாவது நெருடல், தேவைப்பட்ட அளவு. ஒரு விலங்கின் இரத்தத்துக்கு வேண்டிய இரும்பைவிடப் பன்மடங்கு கூடுதலாகக் கொடுத்தாற்றான் பலன் தெரிந்தது. மூன்றாவது நெருடல் தென்தீவிலிருந்து வந்தது. நெல்சன் நகரிலுள்ள கோத்ரன் ஆய்வு நிலையத்தில் தியடோர் றிக்கும் அஸ்கியூவும் நல்ல நிலத்து மண்ணையே கரைத்து ஆடுகளுக்குப் பருக்கினார்கள். அதுவும் குணமாக்கியது.

ஆனால் பலன் தருகிற மருந்தைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்? மருந்து வேலை செய்யாத இடத்தில், போதியளவு கொடுக்கவில்லை என்றோ, அந்தத் தாது சமிபாடு அடையாது என்றோ சொல்லிவிட முடிந்தது. பிழையான விளக்கம் ஒன்று முற்றாகத் தோற்றுப்போனால் அதைக் கைவிடுவது இலகு. பாதி வெற்றி பெறும் விளக்கமே நீண்ட காலம் வாழும். எமது அரசியலிலும் இதற்கு உதாரணங்கள் வேண்டியவர்கள் தேடிக்கொள்ளலாம்.

ஈரலில் நிறைந்திருந்த சாட்சி

மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்கோடியில் டென்மார்க் என்று ஓர் ஊர் உண்டு. எம்மவர் பலர் வாழும் டென்மார்க் நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1920களில் பிரித்தானியாவிலிருந்து வந்த குடும்பங்களை அந்தப் பகுதியில் குழுக்களாகக் குடியமர்த்தினார்கள். முதல் உலகப்போரிலிருந்து திரும்பியவர்களும் வேலையற்றவர்களும் அவர்களுள் இருந்தார்கள். காட்டைத் தாங்களே வெட்டிப் பால்மாடு வளர்த்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. வானளாவிய மரங்களை அவர்கள் கைக்கோடரியால் வெட்டினார்கள். புல்லும் வளர்ந்தது. பின்னர் மாடுகள் மெலியத் தொடங்கின. அரசாங்கக் கடனில் வாங்கிய மாடுகள் அவை. பலர் கடனையும் காணியையும் விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

இங்கே அனுப்பப்பட்ட இருவர், மிருக நோயியலாளர் ஜோன் பில்மரும் இளம் உயிர் இரசாயனவியலாளர் எரிக் அண்டர்வூட்டும். அண்டர்வூட்டும் ஒரு குடியேறிதான். இலண்டனில் பிறந்து சிறுவயதில் பெற்றோருடன் மேற்கு அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர். நியூசிலாந்தின் இரும்பு மருந்து இங்கும் மாடுகளைக் குணமாக்கியது. அத்துடன் அவர்கள் நின்றிருக்கலாம். ஆனால் செத்த விலங்குகளின் ஈரலையும் மண்ணீரலையும் எடுத்து இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். இரும்பில்லாமல் செத்த விலங்கின் ஈரலில் இரும்பு வற்றியிருக்கவேண்டும். அவர்கள் கண்டது நேர்மாறானது. சுகமான விலங்கின் ஈரலில் இருப்பதைவிடக் கூடுதலான இரும்பு அங்கே தேங்கிக் கிடந்தது. உடலிடம் இரும்பு இருந்தது. அதைக்கொண்டு இரத்தத்தை உண்டாக்கத்தான் உடலால் முடியவில்லை.

அப்படியானால் இரும்புத்தாது எதனால் குணமாக்கியது? அதில் இரும்பைத் தவிர வேறு ஏதோ இருக்கவேண்டும். அவர்கள் லிமோனைற்றை அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து இரும்பை முழுவதும் நீக்கினார்கள். இரும்பு நீங்கிய எச்சத்தை விலங்குகளுக்குக் கொடுத்தார்கள். விலங்குகள் தேறின. அதாவது மருந்து என்று பெயர் பெற்றதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதில் கிடந்த அழுக்கை மட்டும் கொடுத்தபோது நோய் மாறியது. பிறகு அந்த எச்சத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். நாகத்தை எடுத்துப் பார்த்தார்கள், நிக்கலை எடுத்துப் பார்த்தார்கள். இறுதியில், 1935 இல், கையில் நின்றது கோபாற்று.

எமது பள்ளிக்கூட இரசாயனப் புத்தகத்தில் இரும்புக்கும் நிக்கலுக்கும் நடுவில் இருந்த அதே கோபாற்றுத்தான். ஆவர்த்தன அட்டவணையைப் பாடமாக்கும்போது எவரும் நின்று பார்க்காத பெயர். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நீலநிறம் கொடுக்கும் உலோகம் என்பதைத் தவிர அதற்கு அப்போது பெரிய மரியாதை இல்லை. ஓர் உயிருக்கு அது தேவைப்படும் என்று அதுவரை யாரும் நிறுவியதில்லை.

அதே 1935 இல் தென் அவுஸ்திரேலியாவில், கரையோர நோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஹெட்லி மார்ஸ்ரனும் லைன்ஸும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். மார்ஸ்ரன் பல்கலைக்கழகப் பட்டத்தை முடிக்காதவர். பின்னர் 1949 இல் இலண்டன் றோயல் சொசைற்றி அவரைத் தன் உறுப்பினராக்கியது. படிப்பு இடையில் அறுந்துபோன பலர் இந்த இதழின் வாசகர்களிடையே இருப்பதால் இதையும் சொல்லிவைக்கிறோம்.

மார்ஸ்ரனின் குழு கோபாற்றை நோக்கிச் சென்ற பாதையும் சுவையானது. எலிகளுக்குக் கோபாற்றைக் கொடுத்தால் இரத்தச் சிவப்பணுக்கள் பெருகுகின்றன என்று ஐரோப்பாவில் ஓர் ஆய்வு வெளிவந்திருந்தது. சோகை பிடித்த ஆட்டுக்கும் அது உதவும் என்று எண்ணி, நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். சாகக் கிடந்த ஆடு எழுந்து தின்னத் தொடங்கியது. எலியில் நடந்ததும் ஆட்டில் நடந்ததும் ஒன்றல்ல என்பது பின்னர் தெரியவந்தது. எலிக்குக் கொடுத்தது நஞ்சாகும் அளவு. ஆட்டுக்குக் கொடுத்தது உணவாகும் அளவு. இரும்பை நம்பி அஸ்ரன் பாதி வழி வந்தார். எலியை நம்பி மார்ஸ்ரன் முழு வழியும் வந்துவிட்டார். கரையோர நோயில் கோபாற்றுடன் செப்பும் குறைவாக இருந்தது என்பதையும் அவர்கள் கண்டார்கள். இரண்டையும் கொடுத்தபோதுதான் அந்தக் கரையில் ஆடு நிலையாகத் தேறியது.

குறைந்திருந்த அளவைப் பார்த்தால் நம்ப முடியாமல் இருக்கும். ஒரு செம்மறிக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமின் பத்திலொரு பங்கு மட்டுமே. உலர்ந்த புல் ஒரு கிலோவில் 0.1 மில்லிகிராமுக்கும் குறைவாகக் கோபாற்று இருந்தால் ஆடு மெலியத் தொடங்கும். அதே புல்லில் இரும்பு அதைப்போல ஆயிரம் மடங்கு இருக்கும். அஸ்ரனின் காலத்துத் தராசுக்கும் சோதனைக் குழாய்க்கும் தெரிந்தது இரும்புதான். அளக்கக்கூடியதைக் காரணமாக்குவது மனித இயல்பு. ஸ்கொட்லாந்தின் 'ஏங்கி மெலியும்' நோயும் கோபாற்றில் குணமாகிறது என்று 1938 இல் காட்டினார்கள். இடையர்கள் மேட்டைத் தாண்டி ஓட்டிச் சென்றது இந்தத் தூசுக்காகத்தான்.

குதிரை ஏன் சாகவில்லை

கோபாற்று உடலில் என்ன செய்கிறது என்பது இன்னும் தெரியாமலே இருந்தது. விடை ஆட்டுப்பட்டியிலிருந்து வரவில்லை, மனிதரின் வைத்தியசாலையிலிருந்து வந்தது. மனிதருக்கு வரும் கொடிய இரத்தச்சோகை ஒன்று அந்நாளில் நிச்சயமான சாவு. 1926 இல் அமெரிக்க வைத்தியர்கள் மைனொற்றும் மேர்பியும், நாள்தோறும் நிறைய ஈரல் தின்னக் கொடுத்து நோயாளிகளைக் காப்பாற்றிக் காட்டினார்கள். 1934 இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அங்கேயும் முதலில் எல்லோர் மனதிலும் வந்தது ஈரலிலுள்ள இரும்புதான். 1948 இல் தொன் கணக்கான ஈரலை வடித்து, அதிலிருந்த மருந்தைச் சிவந்த பளிங்குகளாகப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் கார்ல் போக்கேர்ஸின் குழுவும் இங்கிலாந்தில் லெஸ்ரர் சிமித்தும் ஒரே ஆண்டில் செய்தார்கள். அதற்கு விற்றமின் பி12 என்று பெயர். அதன் நடுவில் ஒரு கோபாற்று அணு இருந்தது. 1956 இல் டொறத்தி ஹொட்ஜ்கின் அதன் முழுக் கட்டமைப்பையும் எக்ஸ் கதிர் கொண்டு வெளிப்படுத்தினார். 1964 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது இந்த வேலையும் அதற்குக் காரணமாயிருந்தது.

அப்போதுதான் பழைய புதிர்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பை ஒரு பெரிய புளிக்கவைக்கும் பானை. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை புல்லிலுள்ள கோபாற்றை எடுத்து பி12 ஆக்குகின்றன. அந்த பி12 ஐக் கொண்டே மாடும் ஆடும் தம் உணவைச் சக்தியாக்குகின்றன. கோபாற்று இல்லையேல் பானை இருந்தும் சமையல் நடக்காது. புல் உள்ளே போகும், உடலில் சேராது. கோபாற்றை ஊசி மூலம் இரத்தத்தில் ஏற்றினால் பலனில்லை, ஏனெனில் அது அந்தப் பானைக்குப் போய்ச் சேரவேண்டும். பி12 ஐ ஊசி மூலம் ஏற்றினால் ஆடு தேறுகிறது என்பதை 1951 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். குதிரை அசைபோடுவதில்லை, அதன் தேவை மிகச் சிறிது, அதனால் அது பிழைத்தது. புல்லுக்குக் கோபாற்று தேவையே இல்லை, அதனால் அது செழித்து நின்றது. பசுமையான நிலத்தில் பட்டினி என்ற புதிரின் விடை இதுதான். மரக்கறி மட்டும் உண்ணும் எம்மவர் வீடுகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. மரக்கறியில் பி12 இல்லை. பாலிலும் தயிரிலும் அது இருக்கிறது. மாட்டின் அந்தப் பானையிலிருந்தே அது எமக்கு வருகிறது.

காரணம் தெரிந்தபின் பரிகாரம் மலிந்தது. நியூசிலாந்தில் சுப்பர்பொசுபேற்று உரத்துடன் கோபாற்றுச் சல்பேற்றைக் கலந்து தூவினார்கள். ஓர் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து அவுன்சு போதும். சீனிப் போத்தலின் அடியில் கிடக்கும் அளவு. பரந்து கிடக்கும் அவுஸ்திரேலியப் பண்ணைகளில் உரம் தூவ முடியாத இடத்துக்கு 1958 இல் மார்ஸ்ரனின் ஆய்வகம் ஒரு குண்டு செய்தது. கோபாற்று ஒட்சைட்டாலான பாரமான சிறு குண்டு அது. ஆட்டின் தொண்டைக்குள் போட்டுவிட்டால் இரைப்பையின் அடியில் தங்கி ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கரையும். அதன்மேல் சுண்ணாம்புப் படை படிந்து கரையாமல் நின்றபோது, கூடவே ஓர் உருக்குத் துண்டையும் விழுங்க வைத்தார்கள். இரண்டும் உரசி உரசிச் சுத்தமாகும். இரும்புக்கு இறுதியில் கிடைத்த வேலை அதுதான்.

இன்று மேயும் விலங்குக்கு இரும்பு கொடுக்க வேண்டிய தேவை அரிதாகவே வருகிறது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். புல்லில் போதியளவு இருக்கிறது. புல்லுடன் ஒட்டி வரும் மண்ணிலும் இருக்கிறது. கூடினால் செப்பு உடலில் சேர்வதை அது தடுக்கவும் செய்யும். பண்ணைகளில் நக்க வைக்கும் தாதுப்புக் கட்டிகள் பல செங்கல் நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இரும்பு ஒட்சைட்டு. அது பெரும்பாலும் நிறத்துக்காகச் சேர்ப்பது. இரும்பு உண்மையில் வேண்டியிருப்பது சீமெந்துத் தரையில் பிறக்கும் பன்றிக்குட்டிக்கு. அதற்கு நாளொன்றுக்கு ஏழு மில்லிகிராம் அளவு இரும்பு வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பது ஒரு மில்லிகிராம்தான். வெளியில் மண்ணைக் கிளறித் திரியும் குட்டி மீதியை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். மண்ணையே காணாத குட்டிக்கு ஊசி போடவேண்டும். 1950களிலிருந்து அப்படித்தான் நடக்கிறது.

நிலத்துக்கு இட்ட பெயர்

நோயின் வரலாறு இத்துடன் முடிகிறது. நிலத்தின் வரலாறு முடியவில்லை.

நியூசிலாந்தின் நுரைக்கல் நாட்டில் கைங்காறோவா என்ற பெருஞ்சமவெளி உண்டு. மாவோரி மக்களின் நிலம். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அதன் பெரும்பகுதி அரசாங்கத்தின் கைக்குப் போனது. மாடு வாழாத நிலம், வேறெதற்கும் உதவாத நிலம் என்று அதற்குப் பெயர் வந்தது. எனவே மரம் நடலாம் என்று தீர்மானித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறைக் கைதிகளைக் கொண்டு நட்டார்கள். 1920களின் நடுப்பகுதியிலிருந்து 1930களின் நடுப்பகுதி வரை, பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களையும் கொண்டுவந்து இலட்சக்கணக்கான ஏக்கரில் பைன் மரம் நட்டார்கள். உலகில் மனிதர் நட்ட காடுகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாக அது ஆனது. அந்தப் பெரும் நடுகை ஓய்ந்த வேளையில்தான் கோபாற்று அகப்பட்டது. ஏக்கருக்கு ஐந்து அவுன்சில் நோய் தீரும் என்று தெரிந்தபோது, ஒரு நாட்டின் நடுப்பகுதி என்ன செய்யவேண்டும் என்பது ஏற்கனவே முடிவாகியிருந்தது.

மரம் நடாத நுரைக்கல் நிலத்தை இரண்டாம் உலகப்போரின் பின் பண்ணைகளாகப் பிரித்துப் போரிலிருந்து திரும்பிய படையினருக்குக் கொடுத்தார்கள். 1949 தொடக்கம் விமானத்திலிருந்து உரம் தூவினார்கள். மாடு சாகும் நிலம் என்று ஒதுக்கியது நல்ல பால் நிலமாயிற்று. தென் அவுஸ்திரேலியாவில் 'தொண்ணூறு மைல் பாலைவனம்' என்று ஒன்று இருந்தது. மழை பெய்யும் பாலைவனம். அங்கே குறைந்திருந்தவை செப்பும் நாகமும். 1940களின் இறுதியில் அவற்றை உரத்துடன் கலந்து தூவினார்கள். புல்லும் தீவனச் செடியும் வளர்ந்தன. ஒரு காப்புறுதி நிறுவனம் முதலிட்டது. இடத்தின் பெயரையே 'கூனல்பின் டவுன்ஸ்' என்று மாற்றினார்கள். பாலைவனம் என்ற பெயருடன் காணி விற்க முடியாதல்லவா.

கைங்காறோவா உட்பட வடதீவின் நடுப்பகுதிக் காட்டு நிலங்களில் சுமார் 176,000 ஹெக்டேயரை மாவோரிக் குழுக்களின் கூட்டமைப்பிடம் திருப்பிக் கொடுக்கும் உடன்படிக்கை 2008 இல் கைச்சாத்தாகிச் சட்டமாகியது. நிலம் கைமாறி ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பிறகு.

'நோயுற்ற நிலம்' என்ற சொல்லை நாம் இங்கே ஒருமுறை நிறுத்திப் பார்க்கவேண்டும். அந்த மண்ணில் காடு சுகமாக நின்றது. பறவைகள் சுகமாக வாழ்ந்தன. நோய், ஐரோப்பாவிலிருந்து மாட்டையும் செம்மறியையும் கொண்டுவந்தபோது வந்தது. குறைபாடு மண்ணுக்கும் வந்த விலங்குக்கும் இடையில் இருந்தது. ஆனால் பெயரை நிலத்துக்கே இட்டார்கள். பெயர் இட்டபின் விலை இறங்கியது. பயன் மாறியது. உரியவர் யார் என்ற கேள்வியும் பின்னால் தள்ளப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த வரலாற்றில் ஒருபோதும் பிழைக்காதது இடையரின் கால்தான். எந்த நிலத்தில் ஆடு தேறும், எந்த நிலத்தில் தேறாது என்ற அவர்களின் கணக்கு, பின்னாளில் மண்ணைச் சோதித்தவர்களுக்கு வழிகாட்டியது. காரணம் சொன்னவர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். இடத்தைக் காட்டியவர்கள் சரியாகக் காட்டினார்கள்.

வன்னியிலும் தீவுப்பகுதிகளிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் மாடு வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் எம்மிடையே இருக்கிறோம். எந்தத் தரவையில் விட்டால் மாடு தேறும், எந்தக் குளத்து அலைகரைப் புல் ஆகாது, மாரிக்கு எங்கே ஓட்டவேண்டும் என்று ஐயாமாரும் பெரியப்பாமாரும் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் எம்மில் உண்டு. அந்த மாடுகள் இடம்பெயர்வுகளில் அவிழ்த்து விடப்பட்டன. சில வழியிலேயே நின்றன. சொன்னவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் சொன்னதற்குக் காரணம் எமக்குத் தெரிய வேண்டியதில்லை. சரியா பிழையா என்று இப்போது தீர்ப்புச் சொல்லவும் வேண்டியதில்லை. இடத்தின் பெயரையும், புல்லின் பெயரையும், மாட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கேட்டபடியே எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். அந்தத் தரவைகளுக்கு மாடுகள் திரும்பிப் போகும் நாளில், அவற்றை ஓட்டிச் செல்பவனுக்கு அது தேவைப்படும்.